சிக்கன வாழ்வில் சிறந்த கோகலே

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். இருவர் வீட்டிலும் விளக்கு விரைவில் அணைக்கப்படும். இருவர் சட்டையிலும் தையல் போட்ட இடம் இருக்கும். ஆயினும் கருமி பூட்டி வைப்பதற்காகச் சேர்க்கிறான். சிக்கனமுடையவன் தக்க இடத்தில் தயங்காது செலவிடுவதற்காகச் சேர்க்கிறான். இவ்வேற்றுமையைத் தம் வாழ்நாள் முழுவதும் நடந்து காட்டிய பெரியார் ஒருவர் நாம் பிழைக்க வந்த இப்புனே நகரிலேயே வாழ்ந்து, இங்கேயே மறைந்தார். அவரே கோபால கிருஷ்ண கோகலே.

கோகலே என்றதும் காந்தியடிகளின் அரசியல் குரு என்பதும், மிதவாதத் தலைவர் என்பதும் நம் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடங்களில் நாம் படித்தது அவ்வளவே. அவருடைய அரசியலை ஆராய்வது நம் நோக்கமன்று. அதற்குக் கற்றறிந்தோர் பலர் உளர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பி, மிச்சம் பிடிக்கப் பாடுபடும் நம் போன்றோர் அவரிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. அதனை மட்டும் ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

அண்ணனின் பதினைந்து ரூபாய்

கொங்கண நாட்டில் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த கோட்லுக் என்னும் சிற்றூரில் 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் கோகலே பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ் கோலாப்பூரை அடுத்த காகல் என்னும் சிறிய சமஸ்தானத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, பின்னர்க் காவல்துறை அலுவலுக்கு உயர்ந்தவர். குலம் உயர்ந்தது, கையிருப்போ குறைந்தது. 1879-இல் தந்தையார் காலமானார். அப்பொழுது கோபாலுக்கு வயது 13. தமையனார் கோவிந்தருக்குப் பதினெட்டை ஒட்டிய வயது.

கோவிந்தர் தம் படிப்பை நிறுத்திவிட்டு வேலையில் அமர்ந்தார். சம்பளம் மாதம் 15 ரூபாய். அதில் 8 ரூபாயைக் கோலாப்பூரில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு அனுப்பினார். எஞ்சிய 7 ரூபாயில் தாயும் தமையனாரும் ஏனையோரும் உண்டு உடுத்து வாழ வேண்டும். சம்பளத்தில் பாதிக்கு மேல் தம்பியின் படிப்புக்கு. பாதிக்கும் குறைவானது குடும்பம் முழுமைக்கும். இக்கணக்கை நாம் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கோகலேயின் பிற்கால வாழ்வு அனைத்திற்கும் இதுவே முதல் வரி.

அந்த 8 ரூபாய் எவருடைய வயிற்றிலிருந்து வருகிறது என்பதைச் சிறுவர் கோபால் அறிந்திருந்தார். தாமே சமைத்து உண்டார். எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தத் தெரு விளக்கின் கீழ் அமர்ந்து படித்தார் என்பர். ஒருமுறை வசதியுள்ள நண்பர் ஒருவர் அவரை நாடகத்திற்கு அழைத்துச் சென்றாராம். நண்பரே சீட்டு வாங்கியதால் அது அன்பளிப்பு என்று கோபால் எண்ணியிருந்தார். சில நாட்களுக்குப் பின் நண்பர் சீட்டுக் காசைக் கேட்டார். கோபால் மறுவார்த்தை பேசாது கொடுத்துவிட்டார். அந்தச் சில அணாக்களை ஈடு செய்ய, மாதத்தின் எஞ்சிய நாட்களில் வீட்டு விளக்கை ஏற்றாமல் தெரு விளக்கையே நாடினாராம். தமையனாருக்குக் கூடுதல் காசு கேட்டு எழுத அவருக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கோபால் குறைத்துக்கொண்டது விளக்கெண்ணெயை, படிப்பையன்று. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்னும் தெளிவே சிக்கனத்தின் உயிர்.

1881-இல் மெட்ரிகுலேஷன் தேறியதும், தாமும் வேலைக்குச் சென்று அண்ணனின் பாரத்தைக் குறைக்கலாம் என்று அவர் எண்ணினார். வீட்டார் இசையவில்லை. மேற்படிப்புக்காக அண்ணியார் தம் நகைகளையே தந்துதவினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியிலும், சிறிது காலம் புனேயின் டெக்கான் கல்லூரியிலும், இறுதியில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பயின்று, 1884-இல், தமது 18-ஆம் வயதில், பி.ஏ. பட்டம் பெற்றார். ஒருவர் பெயருக்குப் பின்னால் எழுதப்படும் இரண்டு எழுத்துக்களுக்காக, ஒரு வாலிபரின் படிப்பும் ஒரு பெண்மணியின் நகையும் செலவாயின. நம் குடும்பங்களிலும் இத்தகைய பட்டங்கள் பல உண்டு. அவற்றின் விலையைச் செலுத்தியவர் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை.

எழுபத்தைந்து ரூபாய் ஆசிரியர்

பட்டம் பெற்ற வாலிபர் அந்நாளில் அரசாங்க உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடுவது இயல்பு. கோகலேயும் சட்டம் பயிலத் தொடங்கினார். அத்துடன் 1885-இல் புனேயில் நியூ இங்கிலீஷ் பள்ளியில் மாதம் 35 ரூபாய்ச் சம்பளத்தில் உதவி ஆசிரியரானார். திலகரும் அகர்க்கரும் அவர்தம் தோழர்களும் தன்னல மறுப்பையே மூலதனமாக வைத்து நடத்திய பள்ளி அது. அவர்கள் தோற்றுவித்த தக்காணக் கல்விக் கழகம் 1885-இல் பெர்கூசன் கல்லூரியைத் தொடங்கிற்று. அக்கழகத்தின் ஆயுள் உறுப்பினராகச் சேர்பவர், குறைந்த சம்பளத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்ற உறுதி கூற வேண்டும். சம்பளம் மாதம் 75 ரூபாய்.

1886-இல் கோகலே அவ்வுறுதியை மேற்கொண்டார். இதற்குத் தமையனாரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பதினைந்து ரூபாயில் எட்டை அனுப்பி, தம்பி வக்கீலாகிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவான் என்று காத்திருந்தவர் அவர். அவரிடம் சென்று, பெரும் பொருள் ஈட்டும் வழியை விட்டுவிடுகிறேன் என்று சொல்வது எளிதா? கோவிந்தர் தயங்கியபின் இசைந்தார் என்பர். கோகலேயின் தியாகத்தை உலகம் போற்றுகிறது, போற்றத்தக்கதே. ஆனால் அத்தியாகத்தில் சரிபாதி, கையில் வந்து சேரவிருந்த பலனைக் கைவிட்ட தமையனாருக்கு உரியது என்றே நாம் கருதுகிறோம். கோகலேயும் அதனை மறந்தாரில்லை. தமையனாரின் குடும்பத்தையும் தம் குடும்பமாகவே பேணினார்.

75 ரூபாயில் அவர் நடத்திய வாழ்க்கை எளியது. கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும், பின்னர் வரலாறும் பொருளியலும் கற்பித்தார். உடன் பணியாற்றிய பாபட் என்பவருடன் சேர்ந்து கணிதப் பாடநூல் ஒன்றை இயற்றினார். அது பல பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்டது. சம்பளமில்லாத பொது வாழ்வு நடத்திய பிற்காலத்தில் அந்நூலின் வருவாய் அவருக்குக் கைகொடுத்தது. கோடை விடுமுறைகளில் ஊர் ஊராகச் சென்று கல்லூரிக் கட்டடத்திற்கு நன்கொடை திரட்டினார். தமக்காக எவரிடமும் கை நீட்டாதவர், கல்லூரிக்காக வாயில் தோறும் நின்றார்.

நாட்டின் வீட்டுக் கணக்கு

புனேயில் அவருக்கு வாய்த்த ஆசான் மகாதேவ கோவிந்த ரானடே. நீதிபதியும் பொருளியல் அறிஞருமான ரானடே, அரசாங்கத்தின் கணக்கு அறிக்கைகளையும் புள்ளி விவரங்களையும் ஆராயும் முறையில் கோகலேயை ஆண்டுக்கணக்கில் பழக்கினார். ஒரு தொகை தவறினாலும் ஆசான் விடமாட்டார். இப்பயிற்சியின் பயனாக 1897-இல், முப்பதாம் வயதில், இலண்டனில் வெல்பி கமிஷன் முன்னர் இந்தியாவின் செலவினங்கள் பற்றிச் சாட்சியம் கூறும் தகுதியை அவர் பெற்றார். பின்னர்ப் பம்பாய்ச் சட்டசபையிலும், 1902 முதல் கல்கத்தாவில் கூடிய இம்பீரியல் சட்டசபையிலும் உறுப்பினரானார். கல்லூரியிலிருந்து சிறிய ஓய்வூதியத்துடன் விலகினார்.

1902-ஆம் ஆண்டு மார்ச் 26-இல் அவர் செய்த முதல் வரவு செலவுத் திட்டப் பேச்சு புகழ் பெற்றது. அரசாங்கம் ஆண்டுதோறும் மிச்சம் காட்டி, நாடு செழிக்கிறது என்று மகிழ்ந்திருந்த நேரம் அது. கோகலே அந்த மிச்சம் எப்படி வந்தது என்று ஆராய்ந்து காட்டினார்.

அவர் கூறியதை இல்லத்தரசியருக்கும் விளங்குமாறு இவ்வாறு சொல்லலாம். இந்திய அரசாங்கம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் பவுன் கணக்கில் பெருந்தொகை அனுப்ப வேண்டியிருந்தது. ரூபாயின் மதிப்பு 13 பென்ஸ் அளவுக்கு வீழ்ந்தபோது, அதே பவுனுக்குக் கூடுதல் ரூபாய் தேவைப்பட்டது. அதற்காக உப்பு முதலியவற்றின் மீது வரியைக் கூட்டினார்கள். பின்னர் ரூபாய் 16 பென்ஸுக்கு உயர்ந்துவிட்டது. தேவை குறைந்தது, வரியோ குறையவில்லை. வீட்டு வாடகை உயர்ந்தது என்று பிள்ளைகளின் பாலைக் குறைத்த ஒரு குடும்பத் தலைவன், வாடகை குறைந்த பின்னும் பாலைக் கூட்டாமல், பெட்டியில் பணம் மிஞ்சுகிறது பாருங்கள் என்று பெருமை பேசினால் எப்படியிருக்கும்? அத்தகைய மிச்சம் செல்வத்தின் அடையாளமன்று. மெலிந்த பிள்ளைகளின் அடையாளமே.

அந்நாளில் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, வரி மட்டும் இரண்டரை ரூபாய். கிலோவுக்கு ஓரணாவுக்கு மேல் வரி. நாள் முழுதும் உழைத்தாலும் சில அணாக்களே கூலி பெற்ற ஏழை, கூழுக்கு உப்பிடும்போதெல்லாம் இவ்வரியைச் செலுத்தினான். பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பு உண்பர். ஆகவே இவ்வரியின் பாரம் ஏழை மீதே மிகுதி. வருமான வரியோ ஆண்டுக்கு 500 ரூபாய் பெறுபவனையும் பிடித்தது. மாதம் சுமார் 42 ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவும் தப்பவில்லை. இவ்விரு பாரங்களையும் குறைக்குமாறு கோகலே வற்புறுத்தினார்.

1903-இல் உப்பு வரி 2 ரூபாயாயிற்று. 1905-இல் ஒன்றரை ரூபாய். 1907-இல் ஒரு ரூபாய். வருமான வரிக்கு விலக்கு 1903-இல் ஆண்டுக்கு 1000 ரூபாய் வரை உயர்ந்தது. இவையாவும் கோகலே ஒருவராலேயே நிகழ்ந்தன என்று கூறுவது மிகையாகும். எனினும், இடைவிடாது எண்களை எடுத்துக் காட்டி மன்றாடியவர்களுள் அவர் முன்னணியில் நின்றார். எட்டு ரூபாயை எண்ணி எண்ணிச் செலவிட்ட அந்த மாணவரே, கோடிகளை எண்ணும் சபையில் ஏழையின் உப்புக்காகப் பேசினார்.

செலவு செய்ய வேண்டிய இடத்தில் அவர் அரசாங்கத்தின் சிக்கனத்தை ஏற்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1911-இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டு வந்தார். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைந்த வருவாயுள்ள பெற்றோரிடம் பள்ளிச் சம்பளம் வாங்கலாகாது என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. 1912 மார்ச்சில் ஆதரவாக 13 வாக்கும், எதிராக 38 வாக்கும் பெற்று அம்மசோதா தோற்றது. பணமில்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பிள்ளைகளின் படிப்பில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது என்பதைத் தம் அண்ணனிடம் கற்றவர், அதை அரசாங்கத்திற்குக் கற்பிக்க முடியாமற் போயிற்று.

ஹௌரா நிலையத்தில்

அந்த 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் கல்கத்தாவில் கோகலேயின் விருந்தினராக ஒரு மாத காலம் தங்கியிருந்தார். ஒரு நிமிடத்தையும் வீண் போக்காத கோகலேயின் வழக்கத்தைக் கண்டு அவர் வியந்தார். ஒன்று மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. கோகலே டிராமில் செல்லாமல் குதிரை வண்டி வைத்திருந்தார். காந்தியடிகள் அதனைக் கேட்டே விட்டார். சுகத்திற்காக அன்று; முகமறிந்தவர் பலராகிவிட்டதால் டிராமில் அமைதியாகச் செல்ல இயலவில்லை என்பது கோகலேயின் விளக்கம். மற்ற பழக்கங்களில் தாம் எளியவரே என்றும் அவர் கூறினார். சிக்கனமுடையாரும் சில செலவுகளைத் தெரிந்தே செய்வர். கேட்பவர்க்குக் காரணம் கூறவும் அவரால் இயலும்.

அங்கே கோகலே காந்தியடிகளுக்கு அறிமுகம் செய்து வைத்தவருள் இரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் ஒருவர். மாதம் 800 ரூபாய்ச் சம்பளத்தில் 40 ரூபாயைத் தமக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பொதுப் பணிக்கு வழங்கியவர் அவர். எண்ணூறில் நாற்பது! இருபதில் ஒரு பங்கு!

கல்கத்தாவிலிருந்து இராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து ஏழைப் பயணிகளின் துன்பத்தை நேரில் அறிய காந்தியடிகள் விரும்பினார். கோகலே முதலில் நகைத்தாலும் பிறகு மனமார ஆதரித்தார். பன்னிரண்டு அணாவுக்கு வாங்கிய ஒரு கித்தான் பை, ஒரு கம்பளி, ஒரு செம்பு இவை போன்றனவே காந்தியடிகளின் மூட்டை. கோகலே பூரியும் இனிப்பு உருண்டையும் நிறைத்த ஓர் உலோகப் பாத்திரத்தை வழியுணவாகக் கொடுத்தார். பட்டுத் தலைப்பாகையும் அங்கியும் வேட்டியும் அணிந்து இரயில் நிலையத்திற்கும் வந்தார்; ராயும் உடன் வந்தார். வங்காள உடையிலிருந்த ராயைச் சீட்டுப் பரிசோதகர் தடுத்துவிட்டார். தம் நண்பர் என்று கோகலே கூறிய பின்னரே உள்ளே விட்டார். மாதம் 760 ரூபாய் பிறருக்கு அளிப்பவர் யார் என்று உடையைப் பார்த்து அந்தப் பரிசோதகர் எவ்வாறு அறிவார்? காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் தங்கிச் சென்ற அப்பயணத்திற்குக் காந்தியடிகளுக்குச் சீட்டுக் கட்டணம் உட்பட ஆன செலவு 31 ரூபாய்க்கு மேற்படவில்லை.

குன்றின் மேல் ஒரு சங்கம்

1905-ஆம் ஆண்டு ஜூன் 12-இல், பெர்கூசன் கல்லூரிக்குப் பின்னுள்ள குன்றின் மேல், கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இதில் சேருவோர் ஏழு உறுதிமொழிகள் ஏற்க வேண்டும். தம் பொருட்டுப் பணம் ஈட்டுவதில் காலத்தைச் செலவிடலாகாது என்பதும், தமக்கும் தம் குடும்பத்திற்கும் சங்கம் அளிப்பதைக் கொண்டு மனநிறைவுடன் வாழ வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். குடும்பத்தைத் துறந்து வா என்று அவர் எவரையும் அழைக்கவில்லை. குடும்பத்துடன், குறைந்த படியில் வாழ்ந்து தொண்டு செய் என்றே அழைத்தார். துறவியின் வறுமையை விடக் குடும்பியின் எளிமை கடினமானது என்பது நமக்குத் தெரியாததன்று.

அவ்வழைப்பை ஏற்று நம் தமிழகத்திலிருந்து ஒருவர் வந்தார். தஞ்சைச் சீமையில் வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அவர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த அவர், அப்பதவியைத் துறந்து 1907-இல் கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். அதற்கு முன்னரே 1904-இல், நண்பர்களுடன் சேர்ந்து திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அரிசி பருப்பு முதலியவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்து, கலப்படமின்றி, சரியான எடையில், நியாய விலைக்கு உறுப்பினருக்கு விற்று, இலாபத்தையும் அவர்களுக்கே பங்கிடும் ஏற்பாடு அது. நுகர்வோர் கூட்டுறவில் இந்தியாவிற்கு அதுவே முன்னோடி. ஒவ்வொரு வீடும் தனித்தனியே மிச்சம் பிடிக்க முயல்வதைக் காட்டிலும், நூறு வீடுகள் கூடிப் பிடிக்கும் மிச்சம் பெரிது என்பதை அது மெய்ப்பித்தது. கோகலேயின் மறைவுக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராக அமர்ந்தவரும் இத்தமிழரே.

மூன்று பவுன் வரி

கோகலேயின் தொண்டில் தமிழராகிய நாம் என்றும் மறக்கலாகாத பகுதி இனி வருவது.

தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பினால், 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும். பின்னர் 16 வயது கடந்த ஆண் பிள்ளைக்கும், 13 வயது கடந்த பெண் பிள்ளைக்கும் தனித்தனியே இவ்வரி விழுந்தது.

காந்தியடிகள் காட்டிய கணக்கைப் பாருங்கள். கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்திற்கு வரி 12 பவுன். குடும்பத் தலைவனின் வருவாயோ மாதம் 14 ஷில்லிங்குக்கு மேற்படாது. ஆண்டுக்கு 168 ஷில்லிங். அதாவது 8 பவுன் 8 ஷில்லிங். சம்பாதித்ததில் ஒரு காசும் உண்ணாமல் உடுக்காமல் அப்படியே கொடுத்தாலும் மூன்றரைப் பவுனுக்கு மேல் கடன் நிற்கும். இந்தக் குடும்பத்திடம் சென்று சிக்கனத்தை உபதேசிக்க முடியுமா? விளக்கை அணை என்பதா, உப்பைக் குறை என்பதா? எத்துணைச் சிக்கனத்தாலும் கரையேற முடியாதவாறு பின்னப்பட்ட வலை அது. வரி கட்ட வழியில்லாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது கப்பலேற வேண்டும். அதுவே அவ்வரியின் நோக்கம்.

கோகலே இக்கணக்கின் கொடுமையை உணர்ந்தார். 1910-இல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும் தீர்மானத்தைச் சட்டசபையில் கொண்டு வந்து நிறைவேற்றினார். 1911 ஜூலை முதல் அவ்வனுப்புதல் நின்றது. 1912 அக்டோபரில் உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது தென்னாப்பிரிக்கா சென்று, மந்திரிகளைக் கண்டு வரியை நீக்குமாறு வாதாடினார்.

அப்பயணத்தின்போது டால்ஸ்டாய் பண்ணையில் தங்கிய இரவில், அங்குள்ளோர் யாவரும் தரையில் படுப்பதை அறிந்து, தமக்கென வருவித்த கட்டிலை அகற்றச் செய்து, தரையிலேயே படுக்கை விரிக்கச் சொன்னார். ஜோகானஸ்பர்க் விருந்தின் முன், அவருடைய அங்கவஸ்திரம் ஒன்று கசங்கியிருந்தது. அது ரானடே கொடுத்தது. ஆசான் 1901-இல் மறைந்தார். பதினோராண்டுகள் கழிந்தும் சீடர் அதனைக் கண்ணெனக் காத்து, சிறப்பு நாட்களில் மட்டும் அணிந்து வந்தார். காந்தியடிகள் அதைத் தம் கையாலேயே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பொருளைப் போற்றுவது அதன் விலைக்காக மட்டுமன்று, கொடுத்தவருக்காகவும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வரி நீங்கும் என்ற நம்பிக்கையுடன் கோகலே திரும்பினார். அது பொய்த்தது. 1913-இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்திச் சிறை புகுந்தனர். தமிழ்ப் பெண்மணிகள் அப்போரில் முன் நின்றனர். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறையிலுற்ற நோயால் 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தாள். நோயுற்ற கோகலே இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று அப்போருக்கு நிதி திரட்டினார். 1914-இல் அவ்வரி ஒழிந்தது. கோகலே நம் மொழி பேசாதவர். நம் ஊர் அறியாதவர். எனினும் கடல் கடந்த தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு எரிவதற்காகத் தம் உடல் நலத்தைச் செலவிட்டார்.

எல்லாவற்றிலும் கணக்குப் பார்த்தவர் தம் உடலின் இருப்பை மட்டும் பார்க்கவில்லை. நீரிழிவும் இதய நோயும் அவரை அரித்தன. 1914-இல் அரசாங்கம் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தை மறுத்தார். 1915 பிப்ரவரி 19-இல், ஐம்பதும் நிறையாமல், 48-ஆம் வயதில், இந்நகரில் காலமானார். கருத்தில் மாறுபட்டு நின்ற திலகரும் சிங்ககட்டிலிருந்து விரைந்து வந்து, மயானத்தில் அவர் புகழைக் கூறினார்.

நம் இல்லங்களுக்கு

இரயில்வேயிலும், இராணுவக் கணக்கு அலுவலகங்களிலும், கிர்க்கித் தொழிற்சாலைகளிலும் வேலை பெற்று இங்கு வந்தவர்கள் நம் முன்னோர். இன்று நம் பிள்ளைகள் புதுப்புது அலுவல்களில் அமர்ந்து நிறையவே ஈட்டுகின்றனர். கைப்பேசியைத் தொட்டால் பணம் ஊர் போய்ச் சேர்கிறது. சேமிக்கும் வழிகளும் பெருகின. செலவழிக்கும் வழிகள் அவற்றினும் பெருகின. சிக்கனம் என்னும் சொல் நம் இல்லங்களில் இன்றும் நாள்தோறும் ஒலிக்கிறது. கோகலேயின் வாழ்வை அறிந்த நாம் அச்சொல்லைச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, இந்தக் காசு எவருடையது? நம் படிப்புக்காகத் தம் படிப்பை விட்ட அண்ணன் உண்டா? நகையைக் கழற்றிக் கொடுத்த அண்ணியோ அக்காவோ உண்டா? உண்டெனில் நம் சம்பளத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அது நாம் செய்யும் தருமமன்று. கணக்கில் நிற்கும் பழைய பாக்கி.

இரண்டாவது, எதைக் குறைக்கிறோம்? எண்ணெயைக் குறைக்கலாம், ஏட்டைக் குறைக்கலாகாது. ஆடம்பர அழைப்பிதழைக் குறைக்கலாம், மருந்தைக் குறைக்கலாகாது. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை மிச்சம் பிடித்துத் திருமண மண்டப வாடகைக்குக் கொடுப்பவர், எண்ணெயை வாங்கி ஏட்டை எரிப்பவராவார்.

மூன்றாவது, எவர் குறைத்துக்கொள்கிறார்? பல இல்லங்களில் சிக்கனத்தின் பாரம் முழுவதும், எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாயின் மீதோ மனைவியின் மீதோ விழுகிறது. உப்பு வரியைப் போன்றதே அதுவும். தாங்க இயலாதவர் மீது வைத்த வரியால் பெட்டி நிறைந்தால், அந்த மிச்சத்தைக் கண்டு மகிழ்வதற்கில்லை. நம் வீட்டில் வேலை செய்வோரின் கூலியில் மிச்சம் பிடிப்பதற்கும் இதுவே பொருந்தும்.

பெர்கூசன் கல்லூரியை அடுத்துச் செல்லும் நம் சங்கத்துக் குடும்பத்தார், அக்கல்லூரியையும், பின்னுள்ள குன்றையும் தம் மக்களுக்குச் சுட்டிக் காட்டுவாராக. அங்கே ஒருவர் 75 ரூபாயில் நிறைவாக வாழ்ந்தார் என்றும், அவரை அந்நிலைக்கு உயர்த்தியது ஓர் அண்ணன் அனுப்பிய எட்டு ரூபாய் என்றும் எடுத்துச் சொல்வாராக. தமக்கென்று குறைவாகவும், பிறருக்கென்று நிறைவாகவும் கணக்கெழுதிய அப்பெரியாரின் புகழ் ஓங்குக. நம் இல்லங்களில் வரவும் அறமும் ஒருங்கே வளர்க.